மலைநாட்டுக் குளிரில் ஆமை வளர்ப்பு: புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

கொழும்பில் ஹீற்றர் இல்லாமலே ஆமை வளர்த்துவிடலாம். நுவரெலியா இருப்பது 1,868 மீற்றர் உயரத்தில். சனவரி, பெப்ரவரி விடியற்காலைகளில் புல்லில் பனி உறைகிற ஊர் அது. ஹட்டன், பண்டாரவளை இரவுகளும் ஆமைக்குக் குளிர்தான். அதனால் இங்கே தொட்டி, ஹீற்றர் எல்லாம் தயாரான பிறகு, ஆமையைக் கடைசியாக வாங்குங்கள்.

1. எந்த ஆமை?
ஓடையிலும் வயலிலும் கிடைக்கும் பால் ஆமையையோ, நட்சத்திர ஆமையையோ வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள். அவை சட்டத்தால் பாதுகாக்கப்பட்டவை. மீன் தொட்டிக் கடைகளில் வழக்கமாகக் கிடைப்பது சிவப்புக் காது ஆமை. பூர்வீகம் அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப் பக்கம். இப்போது உள்ளங்கைக்குள் அடங்கும். பெண் ஆமை 25–30 செ.மீ. வரை வளரும், 20–30 வருடம் வாழும். பிள்ளை ஆசைப்பட்டுக் கேட்கிறது என்றால், அந்தப் பிள்ளைக்குக் கல்யாணமான பிறகும் பார்த்துக்கொள்ளப் போவது நீங்கள்தான்.

2. தொட்டி
ஓட்டின் நீளத்தைப் போல ஒன்றரை மடங்காவது தண்ணீர் ஆழம் வேண்டும். வளர்ந்த ஆமைக்கு 300 லீற்றருக்குக் குறையாத தொட்டி. முழு உடம்பும் காய ஏறிப் படுக்க ஒரு மேடை. பீலித் தண்ணீர் என்றால் அப்படியே ஊற்றலாம், ஆனால் சில்லென்று இருக்கும். சூடாகும்வரை ஆமையை இறக்காதீர்கள். குளோரின் கலந்த டவுன் தண்ணீரை ஒரு நாள் வாளியில் பிடித்து வையுங்கள்.

3. சூடு
தண்ணீர் 24–28 பாகை செல்சியஸ், மேடை 30–32. கையை விட்டுப் பார்த்துச் சொல்லாதீர்கள், வெப்பமானி வாங்குங்கள். 15 பாகை அளவு ரெண்டுங்கெட்டான் குளிர்: ஆமை ஒழுங்காகக் குளிர்கால உறக்கத்துக்குப் போகவும் முடியாது, தின்றது செரிக்கவும் செய்யாது, இரை வயிற்றிலேயே அழுகும். ஹீற்றருக்கு மேலே பிளாஸ்டிக் கூடு கட்டாயம், இல்லையென்றால் ஆமை மோதிக் கண்ணாடியை உடைத்துவிடும். தண்ணீரில் கை வைக்கும் முன் பிளக்கைக் கழற்றுங்கள்.

மேடைக்கு மேலே சூட்டு பல்ப் ஒன்று, யூவிபி (புறஊதாக் கதிர்) பல்ப் ஒன்று. யூவிபி இல்லாவிட்டால் ஓடு மெத்தென்றாகிவிடும். ஜன்னலோர வெயில் உதவாது. கண்ணாடி அந்தக் கதிரைத் தடுத்துவிடுகிறது. மூடுபனி மாதங்களில் வெயிலே ஏது?

கரண்ட் போனால் சாப்பாட்டை நிறுத்துங்கள், தொட்டியைச் சுற்றி ரெஜிபோம் வைத்துப் போர்வையால் மூடுங்கள், மேலே காற்றுக்கு இடம் விட்டு. கொதிநீரை ஊற்ற வேண்டாம்.

4. கடையில்
கையில் எடுத்ததும் கால்களை உதறித் திமிற வேண்டும். கண் வீங்கியிருந்தால், மூக்கில் குமிழி வந்தால், ஒரு பக்கம் சாய்ந்து நீந்தினால் விட்டுவிடுங்கள். பாவம் என்று வாங்குவதற்கு இது ஆட்டுக்குட்டி இல்லை.

5. சாப்பாடு
குட்டிக்குத் தினமும், பெரியதுக்கு இரண்டு நாளைக்கொரு தடவை, அதன் தலையளவு ஆமைத் தீனி. அப்புறம் வல்லாரை, கங்குன். கல்சியத்துக்குக் கணவாய் ஓடு ஒன்றை மிதக்க விடுங்கள். பாண், சோறு வேண்டாம்.

6. நோய்
வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் சளிதான், அநேகமாகக் குளிரால். பேராதனைப் பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவப் பீடத்தின் வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். தொட்டியைத் தொட்ட பிறகு சவர்க்காரம் போட்டுக் கை கழுவுங்கள்; ஆமை மேல் சல்மொனெல்லா கிருமி இருக்கும். வளர்க்க முடியாமல் போனால் கிரகரி வாவியில் விட்டுவிடாதீர்கள், வளர்க்கத் தெரிந்த ஒருவரிடம் ஹீற்றரோடு சேர்த்துக் கொடுத்துவிடுங்கள்.