கட்டளை ஒருவருக்கு, கடிவாளம் இருவருக்கும்

படுக்கையறையில் ஒருவர் ஆணையிட, இன்னொருவர் பணிந்துபோவது உங்கள் இருவருக்கும் பிடிக்கும் என்றால், அதைப் பற்றிய பேச்சை அங்கே எடுக்காதீர்கள். கோப்பிக் கடைக்குப் போய் ஆளுக்கொரு தே-ஓ (பாலில்லாத் தேநீர்) சொல்லிவிட்டுப் பேசுங்கள். பக்கத்து மேசைக்காரருக்குத் தமிழ் தெரியாமலிருந்தால் உத்தமம்.

எங்கள் வீட்டில் கட்டளை நான், பணிவது அவர். அதனால்தான் அதிகம் கேட்க வேண்டியவளும் நான். எது பிடிக்கும், எதை யோசிக்கலாம், எது கூடவே கூடாது என்று முதலிலேயே பேசி வைத்திருக்கிறோம். கூடாது என்றதற்குக் காரணம் கேட்பதில்லை. போன மாதம் சரி என்றது இன்றைக்கும் சரியாக இருக்க வேண்டியதில்லை.

அடுத்து, நிறுத்தும் சொல். ‘விடு’, ‘வேண்டாம்’ எல்லாம் விளையாட்டிலேயே வந்துவிடும். அதனால் சாலை விளக்கு போதும்: பச்சை என்றால் தொடரலாம், மஞ்சள் என்றால் மெதுவாக, சிவப்பு என்றால் அந்த நொடியே எல்லாம் நின்றுவிட வேண்டும். சிங்கப்பூர் வீவக அடுக்குமாடி வீட்டில் அடுத்த அறையில் மாமியார் இருந்தால் சத்தத்துக்கும் வழியில்லை. கையில் சாவிக்கொத்து வைத்திருந்து கீழே போடுவது பலர் சொல்லும் யோசனை. டைல்ஸில் அது விழுந்தால் எங்கள் மாமியார் எழுந்து வந்துவிடுவார். மெத்தையில் மூன்று முறை தட்டுவது, அவ்வளவுதான்.

கட்டுவதானால் துணிக்கும் தோலுக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய வேண்டும். பட்டுத் துப்பட்டா வேண்டாம். இழுக்க இழுக்க முடிச்சு இறுகிவிடும். கத்தரிக்கோல் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். விரல் மரத்துப்போனால் உடனே அவிழ்த்துவிடுங்கள். கட்டப்பட்டவரைத் தனியே விட்டுவிட்டு எங்கும் போகாதீர்கள். கழுத்தை நெரிப்பது மட்டும் வேண்டவே வேண்டாம்: சில நொடிகளில் மயக்கம் வந்துவிடும், பாதுகாப்பான அழுத்தம் என்று ஒன்று கிடையாது. குடித்திருந்தால் அன்றைக்கு எதுவும் இல்லை.

முடிந்ததும் தண்ணீர், போர்வை, கொஞ்ச நேரம் பக்கத்தில் இருப்பது. மறுநாள் ஒருமுறை, “எப்படி இருந்துச்சு?”

“புருஷன் சொன்னா கேட்கணும்” என்று பயந்து தலையாட்டுவது இந்தக் கணக்கில் சேராது. சிங்கப்பூரில் கணவருக்கு இருந்த சட்ட விலக்கு 2020 ஜனவரி 1 முதல் இல்லை. மனைவியின் சம்மதமில்லாத உறவு பாலியல் வல்லுறவுதான். சிவப்பு என்ற பிறகும் நிறுத்தாதவர், சம்பளத்தையும் கைப்பேசியையும் பிடுங்கி வைத்துக்கொள்பவர் விளையாடவில்லை. அவசரம் என்றால் 999. பேச வேண்டும் என்றால் வன்முறைத் தடுப்பு உதவி எண் 1800-777-0000.