பக்தி, புத்தி, வெறுப்பு: ஓர் ஆய்வுச் செய்தியைப் பிரித்துப் பார்ப்பது எப்படி?

"கடவுள் நம்பிக்கை உள்ளவர்களுக்கு அறிவுத்திறன் குறைவு" என்று ஒரு செய்தி வரும். சில வாரம் கழித்து, "அறிவு கூடினால் பிறர்மேல் வெறுப்பு குறையும்" என்று இன்னொன்று வரும். இரண்டையும் சேர்த்து, "அப்படியானால் பக்தர்கள்தான் வெறுப்பு மிகுந்தவர்கள்" என்று மூன்றாவதாக ஒருவர் கணக்குப் போடுவார். முதல் இரண்டுக்கும் பின்னால் உண்மையான ஆய்வுகள் இருக்கின்றன. மூன்றாவது கணக்கு அவற்றிலிருந்து பிறக்காது. ஏன் என்பதைக் கண்டுபிடிக்கத் தேவையானவை: மூல ஆய்வுக் கட்டுரையின் சுருக்கம், ஒரு தாள், 'சைன்' பொத்தான் உள்ள ஒரு கால்குலேட்டர், அரை மணி நேரம்.

முதலில் தாளை மூன்றாக மடியுங்கள்

நம்பிக்கை, அறிவுத்திறன், தப்பெண்ணம் என்று மூன்று தலைப்புகள். ஒவ்வொன்றின் கீழும் ஆய்வாளர் எதை அளந்தார் என்று எழுதுங்கள். எதைப் பற்றிப் பேசினார் என்பது இப்போது வேண்டாம், அளந்தது மட்டும்.

நம்பிக்கையின் கீழ் மூன்று வேறு சரக்குகள் வரலாம்: கடவுள் உண்டு என்று ஏற்பது, வழிபாட்டுக்குப் போவது, எதற்காக நம்புகிறார் என்பது. உளவியலாளர்கள் கோர்டன் ஆல்போர்ட்டும் மைக்கேல் ராஸும் 1967-இல் இந்த மூன்றாவதை இரண்டாகப் பிரித்தார்கள். மதத்தையே வாழ்க்கையின் அச்சாகக் கொள்வது அகநோக்கு. உறவு, மதிப்பு, பாதுகாப்பு ஆகியவற்றுக்காக மதத்தைப் பிடித்துக்கொள்வது புறநோக்கு. டேனியல் பேட்சன் 1976-இல் இன்னொன்றைச் சேர்த்தார்: விடையைவிடக் கேள்வியை விடாமல் வைத்திருக்கும் 'தேடல்' நோக்கு. இவற்றோடு அடிப்படைவாதத்துக்கு ஒரு தனி அளவுகோலும் உண்டு. பாப் ஆல்டெமேயரும் புரூஸ் ஹன்ஸ்பெர்கரும் 1992-இல் வெளியிட்டது. பக்கத்துப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து வழிபடும் இருவர் இந்த அளவுகோல்களில் எதிரெதிர் முனைகளில் நிற்கக்கூடும். வருகைப் பதிவை மட்டும் எண்ணிவிட்டு "பக்தி" என்று தலைப்பிட்ட ஆய்வில் இந்த வேறுபாடு காணாமல் போய்விடும்.

அறிவுத்திறன் என்றால் நுண்ணறிவுச் சோதனையா, பள்ளி மதிப்பெண்ணா, படித்த ஆண்டுகளா? மதிப்பெண்ணில் உழைப்பும் வசதியும் கலந்திருக்கும். சில ஆய்வுகள் அளப்பது சிந்தனைப் பழக்கத்தை. ஷேன் ஃபிரெடெரிக் 2005-இல் வெளியிட்ட சோதனையின் புகழ்பெற்ற கணக்கு இந்த வகை: மட்டையும் பந்தும் சேர்ந்து 110, மட்டை பந்தைவிட 100 அதிகம், பந்து எவ்வளவு? வாயில் சட்டென்று வருவது 10. சரியான விடை 5. முதலில் தோன்றியதை நிறுத்திச் சரிபார்க்கிறோமா என்பதைத்தான் இது பெரிதும் காட்டுகிறது. அறிவுத்திறனுக்கு உறவு உண்டு, ஆனால் அதுவே அல்ல. சுருக்கத்தில் "பகுத்தாயும் சிந்தனை" என்று இருந்து செய்தியில் "அறிவாளி" ஆகியிருந்தால், வழியில் ஒரு சொல் மாறிவிட்டது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

தப்பெண்ணத்தைக் கேள்வித்தாளால் அளக்கலாம், சமூகத் தொலைவு அளவுகோலால் அளக்கலாம், நடத்தையைப் பார்த்தும் அளக்கலாம். எமரி போகார்டஸ் 1925-இல் தந்த சமூகத் தொலைவு அளவுகோலுக்கு நூறு வயதாகிவிட்டது, இன்னும் வேலை செய்கிறது. குறிப்பிட்ட குழுவைச் சேர்ந்தவரைத் திருமண உறவாக ஏற்பீர்களா, நண்பராக, அண்டை வீட்டாராக, சக ஊழியராக, குடிமகனாக, வெறும் பயணியாக என்று படிப்படியாக இறங்கி, நாட்டுக்குள்ளேயே வேண்டாமா என்பதில் முடியும்.

யார்மீது வெறுப்பு?

மற்ற எல்லாப் படிகளையும் விட்டாலும் இதை விட வேண்டாம். தப்பெண்ணம் என்று எழுதியதற்குப் பக்கத்தில், எந்தக் குழுவின்மீது என்று எழுதுங்கள்.

ஹாட்சனும் புஸேரியும் 2012-இல், ஒரே ஆட்களைச் சிறுவயதிலிருந்து பின்தொடர்ந்த பிரிட்டனின் இரண்டு நீண்டகாலத் தரவுத் தொகுப்புகளை ஆராய்ந்தார்கள். மொத்தம் 15,874 பேர். 10 அல்லது 11 வயதில் அறிவுத்திறன் குறைவாக இருந்தவர்களிடம், 30 வயதைத் தாண்டும்போது இனவெறுப்பு சற்றே கூடுதலாக இருந்தது. இதில் பெரும்பங்கு நேராக வரவில்லை, பழமைவாதக் கருத்துகளின் வழியாக வந்தது. இத்தோடு நிறுத்தினால் "அறிவு கூடினால் வெறுப்பு குறையும்" என்ற தலைப்பு சரிதான்.

2016-இல் மார்க் பிராண்டும் ஜாரெட் கிராஃபோர்டும் 5,914 அமெரிக்கர்களிடம் குழுக்களின் பட்டியலை நீட்டினார்கள். இனச் சிறுபான்மையினரோடு நிறுத்தாமல் கிறிஸ்தவ அடிப்படைவாதிகள், பெருநிறுவனங்கள், ராணுவம் என்று போனார்கள். படம் மாறியது. மொழித்திறன் சோதனையில் குறைவாக எடுத்தவர்கள், தாமாகத் தேர்ந்து சேராத குழுக்கள்மீதும் வழக்கத்துக்கு மாறானவையாகப் பார்க்கப்படும் குழுக்கள்மீதும் கசப்புக் காட்டினார்கள். அதிகம் எடுத்தவர்களின் கசப்பு, விரும்பிச் சேரும் குழுக்கள்மீதும் பழமைவாதிகளாகப் பார்க்கப்படுவோர்மீதும் விழுந்தது. கசப்பின் மொத்த அளவு இரு பக்கமும் ஏறக்குறைய ஒன்றே. அடிப்படைவாத அளவுகோலிலும் இதே கோலம்தான்: பிராண்டும் வான் டாங்கரெனும் 2017-இல் காட்டியபடி, அதில் மேலே நிற்பவரும் கீழே நிற்பவரும் தம்மைப் போல் இல்லாதவர்களிடம் தப்பெண்ணம் கொள்கிறார்கள்.

பிறப்பால் வாய்த்த ஒன்றுக்காக ஒருவரை வெறுப்பதும், அவர் தேர்ந்த கொள்கைக்காக வெறுப்பதும் அறத்தில் ஒன்றல்ல என்று வாதிடலாம், நியாயமான வாதம்தான். ஆனால் அது அறம் பற்றிய வாதம். கேள்வித்தாளில் ஒரே வகைக் குழுக்களை மட்டும் வைத்து அளந்துவிட்டு, "இவர்களுக்கு வெறுப்பே இல்லை" என்று எண்ணால் சொல்ல அது உதவாது.

அறிவு ஏன் காப்பாற்றவில்லை? கீத் ஸ்டானோவிச்சும் ரிச்சர்ட் வெஸ்ட்டும் நடத்திய ஆய்வுகள் ஒரு காரணம் சொல்கின்றன. தன் தரப்புக்குச் சாதகமாகச் சான்றுகளை எடைபோடும் சாய்வு, அறிவுத்திறனோடு சேர்ந்து குறைவதில்லை. கூர்மையான புத்தி தன் தரப்புக்கு நல்ல வக்கீலாகவும் இருக்கும்.

மதத்தின் பக்கம் வந்தால், ஹால், மாட்ஸ், வுட் மூவரும் 2010-இல் அமெரிக்காவின் 55 ஆய்வுகளைத் தொகுத்தார்கள். பங்கேற்றவர்கள் பெரும்பாலும் வெள்ளையினக் கிறிஸ்தவர்கள். இனவெறுப்போடு சேர்ந்து வந்தது, சமூகத்துக்கு ஒத்துப்போவதற்கும் மரபுக்கும் தரும் மதிப்பு. வெளிப்படையான இனவெறுப்பைச் சமூகம் ஏற்காத காலம் வரவர, ஒத்துப்போவதற்காக மதம் பேணியவர்களின் இனவெறுப்பும் இறங்கியது. ஊரோடு ஒத்து வாழ்பவர், ஊர் மாறினால் மாறத்தானே செய்வார்!

எவ்வளவு பெரிய தொடர்பு?

சுருக்கத்தில் ஒட்டுறவுக் கெழுவைத் தேடுங்கள். இரண்டு அளவுகள் எவ்வளவு சேர்ந்து நகர்கின்றன என்று காட்டும் எண் அது. −1 முதல் +1 வரை போகும். 0 என்றால் தொடர்பு இல்லை, கழித்தல் குறி என்றால் ஒன்று கூடும்போது மற்றது குறைகிறது. மைரன் சக்கர்மனும் சகாக்களும் 2013-இல் 63 ஆய்வுகளைத் தொகுத்தபோது மத ஈடுபாட்டுக்கும் அறிவுத்திறனுக்கும் இடையே சராசரியாக −0.24 கிடைத்தது. வழிபாட்டு நடத்தையைவிட நம்பிக்கையில் தொடர்பு வலுவாக இருந்தது. ட்யூர்லிங்கரும் பீட்ஷ்னிக்கும் 2022-இல் இன்னும் அதிக ஆய்வுகளைச் சேர்த்தபோது அது −0.14 ஆகச் சுருங்கியது.

இந்த எண்ணை மனிதர்களாக மாற்ற இரண்டு கணக்குகள் போதும். ஒன்று, கெழுவை அதனாலேயே பெருக்குங்கள்: 0.24 × 0.24 = 0.0576. மனிதருக்கு மனிதர் காணும் வேறுபாட்டில் சுமார் 6% மட்டுமே இரு அளவுகளும் பகிர்வது. 0.14 என்றால் 2%.

இரண்டாவது கணக்கு பேசுவதற்கு இன்னும் வசதியானது. கால்குலேட்டரைப் பாகையில் வைத்து, கெழுவின் தலைகீழ் சைனை எடுத்து, 180-ஆல் வகுத்து, 0.5 கூட்டுங்கள். 0.24-க்கு 13.9 பாகை, வகுத்தால் 0.077, கூட்டினால் 0.577. கண்ணை மூடிக்கொண்டு இரண்டிரண்டு பேராக 100 ஜோடி எடுத்தால், 58 ஜோடிகளில் அறிவுத்திறன் கூடியவர் பக்தி குறைந்தவராக இருப்பார், 42-இல் நேர்மாறு. 0.14-க்கு அது 54 அல்லது 55. நாணயத்தைச் சுண்டினாலே 50 வரும். (இரு அளவுகளும் மணி வடிவில் பரவியிருந்தால் இந்தக் கணக்கு பொருந்தும், பக்தி பல இடங்களில் அப்படிப் பரவுவதில்லை என்பதால் தோராயமாக எடுத்துக்கொள்ளுங்கள்.)

எதிரே நிற்கும் ஒருவரின் நம்பிக்கையை வைத்து அவர் புத்தியை ஊகிக்க இது எதற்கும் உதவாது. அதற்காக, சிறிய கெழு என்றால் வெறும் குப்பை என்றும் தள்ளிவிடக் கூடாது. பிற குழுவினரோடு பழகினால் தப்பெண்ணம் குறைகிறதா என்று பெட்டிக்ரூவும் டிராப்பும் 2006-இல் 515 ஆய்வுகளைத் தொகுத்துப் பெற்ற எண்ணும் −0.21 தான். பழக்கம் பற்றிய அந்த எண்ணைக் கொண்டாடுகிறவர், பக்தி பற்றிய இந்த எண்ணை அலட்சியப்படுத்த முடியாது. பக்தி பற்றிய எண்ணை வைத்துக் கூத்தாடுகிறவரும் அதன் சிறுமையைப் பார்க்க வேண்டும்.

யாரை அளந்தார்கள்?

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது ஒரே பானைக்குத்தான். இந்தத் துறையின் பெரும்பாலான ஆய்வுகள் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் நடந்தவை, பெரும்பாலும் கிறிஸ்தவர்களிடம், அதிலும் கல்லூரி மாணவர்களிடம். பல தெய்வங்கள் உள்ள மரபுகளில் "கடவுள் ஒருவர் உண்டு என்று நம்புகிறீர்களா" என்ற கேள்வி எதை அளக்கும் என்பதே சந்தேகம்.

நாடுகளை ஒப்பிடும் ஆய்வில் இன்னும் பெரிய குழி இருக்கிறது. லின், ஹார்வி, நைபோர்க் 2009-இல் 137 நாடுகளை வைத்து, நாட்டின் சராசரி ஐக்யூவுக்கும் (நுண்ணறிவுச் சோதனை மதிப்பெண்) இறைமறுப்பாளர் விகிதத்துக்கும் இடையே கெழு 0.60 என்றார்கள். இந்த எண்ணை ஆட்களுக்கு இறக்கக் கூடாது. காரணத்தை வில்லியம் ராபின்சன் 1950-லேயே காட்டிவிட்டார்: அமெரிக்காவின் 1930 மக்கள்தொகைக் கணக்கில், வெளிநாட்டில் பிறந்தோர் மிகுந்த மாநிலங்களில் எழுத்தறிவின்மை குறைவு, கெழு −0.53. ஆட்களாக எண்ணினால் குறியே மாறி, +0.12. குடியேறியவர்கள் எழுத்தறிவு மிகுந்த மாநிலங்களில் போய்த் தங்கியதுதான் காரணம்.

எது எதற்குக் காரணம்?

தாளில் மூன்று அம்புகள் போடுங்கள்: அறிவிலிருந்து நம்பிக்கைக்கு, நம்பிக்கையிலிருந்து அறிவுக்கு, மூன்றாவது ஒன்றிலிருந்து இரண்டுக்கும். மூன்றாவதன் இடத்தில் கல்வி, வாழ்க்கைத் தரம், வயது என்று ஒவ்வொன்றாக வைத்துப் பாருங்கள். வெப்ஸ்டரும் டஃபியும் 2016-இல் முந்தைய தரவுகளை மறுபடி அலசியபோது, தொடர்பின் ஒரு பகுதியைக் கல்வியும் வாழ்க்கைத் தரமும் விளக்கின.

சோதனையால் காரணத்தைக் காட்டியதாகச் சொல்லும் செய்திக்கு, மறு ஆய்வில் நின்றதா என்று கேளுங்கள். ஜெர்வைஸும் நோரென்சாயனும் 2012-இல், சிற்பி ரோடினின் 'சிந்தனையாளர்' சிலைப் படத்தைப் பார்த்தவர்களிடம் நம்பிக்கை குறைந்ததாக எழுதினார்கள். பங்கேற்றவர்கள் 57 பேர். 2017-இல் அதிகம் பேரைக் கொண்டு திரும்பச் செய்தபோது அந்த விளைவு கிடைக்கவில்லை. பழைய செய்தி மட்டும் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது.

சொல்லும் செயலும்

கேள்வித்தாளில் நல்லவராகத் தெரிய எல்லாருக்கும் ஆசை. பேட்சன் குழு 1986-இல் இதற்கொரு வழி கண்டது: ஒரு கறுப்பினத்தவர் அருகிலோ வெள்ளையினத்தவர் அருகிலோ உட்கார்ந்து படம் பார்க்கலாம். இரு பக்கமும் ஒரே படம் என்றால், கறுப்பினத்தவரைத் தவிர்ப்பது பளிச்சென்று தெரிந்துவிடும். வேறு வேறு படம் என்றால், "எனக்கு அந்தப் படம் பிடிக்கும்" என்ற சாக்கு இருக்கிறது. அகநோக்கில் உயர்ந்தவர்களின் நல்லெண்ணம் சாக்கு கிடைத்த இடத்தில் தாக்குப்பிடிக்கவில்லை. தேடல் நோக்கில் உயர்ந்தவர்களுடையது நின்றது.

நீங்களே கருத்துக்கணிப்பு எடுப்பதானால்

முதல் தவறு ஆள்கணக்கில் நடக்கும். 0.2 அளவுள்ள தொடர்பை ஐந்தில் நான்கு முறையாவது பிடிக்க 194 பேர் வேண்டும், 0.14 என்றால் ஏறக்குறைய 400. வகுப்பில் 30 பேரிடம் கேட்டால், 0.36-க்குக் கீழுள்ள எதையும் தற்செயலிலிருந்து பிரிக்க முடியாது. அப்போது "தொடர்பு இல்லை" என்று எழுதாதீர்கள், "தெரியவில்லை" என்று எழுதுங்கள்.

பாதிக் கேள்விகளைத் தலைகீழாக எழுதுங்கள். எதைக் கேட்டாலும் 'ஆம்' போடும் பழக்கம் பலருக்கு உண்டு. மதம் பற்றிய கேள்விகள் கடைசியில் வரட்டும், முதலில் வந்தால் மற்ற விடைகளில் அதன் சாயல் ஏறும். ஒரு குழுவைப் பாவிகள் என்று சொல்லும் கூற்றை நம்பிக்கைப் பட்டியலிலும் வெறுப்புப் பட்டியலிலும் வைத்துவிட்டால், கிடைக்கும் தொடர்பு நீங்களே நட்டது. குழுக்களின் பட்டியலில் உங்களுக்குப் பிடிக்காத குழு ஒன்றாவது இருக்கட்டும்.

தலைப்பைத் திருப்பி எழுதுங்கள்

தலைப்பு எழுதியவரைக் குறை சொல்லிப் பயனில்லை, அவருக்குக் கிடைப்பது ஏழெட்டுச் சொற்கள். உங்கள் தாளில் இடம் தாராளம். எந்த நாடு, எத்தனை பேர், எந்தச் சோதனை, யார்மீது வெறுப்பு, எவ்வளவு என்ற ஐந்தையும் வைத்து ஒரே வாக்கியம் எழுதுங்கள். "அறிவாளிகளுக்கு வெறுப்பு குறைவு" என்பது இப்படி ஆகும்: "அமெரிக்காவில் 5,914 பேரிடம், மொழித்திறன் சோதனையில் அதிகம் எடுத்தவர்களும் குறைவாக எடுத்தவர்களும் ஏறக்குறைய ஒரே அளவு தப்பெண்ணம் காட்டினார்கள், வேறு வேறு குழுக்கள்மீது." ஐந்தில் ஒன்று நிரம்பவில்லையா? சுருக்கத்தை விட்டு முழுக் கட்டுரையின் அட்டவணைகளுக்குப் போங்கள். விடுபட்டது பெரும்பாலும் அங்கே இருக்கும்.