உணர்வுசார் நுண்ணறிவு: மதிப்பெண்ணை வாசிப்பதில் நேரும் தவறுகள்

“பிறர் மனநிலை எனக்கு எளிதில் புரிந்துவிடும்.” உணர்வுசார் நுண்ணறிவை, அதாவது தன் உணர்வையும் பிறர் உணர்வையும் புரிந்து கையாள்வதை, அளப்பதாகச் சொல்லும் வினாத்தாளில் இப்படி ஒரு வாக்கியம், அதற்கு நேரே 1 முதல் 7 வரை எண்கள்; 7 என்றால் முழுச் சம்மதம். எதிரில் இருப்பவர் இரண்டு முறை கடிகாரத்தைப் பார்த்த பிறகும் தன் கதையையே அளந்துகொண்டிருக்கும் மனிதர், தயங்காமல் 7-ஐ வட்டமிடுவார். அவர் பொய் சொல்லவில்லை. தன்னைப் பற்றி அப்படித்தான் நம்புகிறார்.

அந்த 7-ஐத் திறமைக்கான மதிப்பெண்ணாக வாசிப்பதுதான் எல்லோரும் செய்யும் தவறு. உணர்வுகளைப் புரிந்து கையாள்வதில் தன்னைப் பற்றி ஒருவர் தானே வைத்திருக்கும் எண்ணத்தைத்தான் இத்தகைய வினாத்தாள் அளக்கிறது. அதனால்தான் உளவியலாளர்கள் பெட்ரைட்ஸும் ஃபர்ன்ஹாமும் 2001-இல் இந்த எண்ணத்தை அறிவுத்திறனோடு சேர்க்காமல் ஆளுமைப் பண்பாக வகைப்படுத்தினார்கள். பெட்ரைட்ஸ் உருவாக்கிய முழு வினாத்தாளில் 153 வாக்கியங்கள்; தன் உணர்வைக் கட்டுப்படுத்துவது போன்ற 15 கூறுகள்.

திறனை அளக்கும் சோதனை வேறு. உளவியலாளர்கள் சலோவே, மேயர் ஆகியோரின் வழிவந்த, 2002-இல் வெளியான சோதனை முகப்படத்தைக் காட்டி, அதில் தெரியும் உணர்ச்சி எது என்று கேட்கும். சரியான விடை எது என்று முடிவு செய்வது யார்? பெரும்பாலோர் சொன்ன விடை, அல்லது வல்லுநர் குழு தேர்ந்த விடை. ஊரார் கண்ணுக்குத் தப்பியதைக் கண்டுபிடிப்பவருக்கு இதில் மதிப்பெண் குறையலாம் என்பது எனக்கு இன்றும் உறுத்துகிறது. இந்த இரு வகைச் சோதனைகளின் மதிப்பெண்களுக்கும் இடையே உள்ள தொடர்பு பலவீனமானது. ஒன்றைக் கொண்டு மற்றதை ஊகிக்காதீர்கள்.

மொத்த மதிப்பெண்ணோடு நின்றுவிடுவதும் தவறு. கோபத்தை அடக்கத் தெரிந்த கூச்ச சுபாவி ஒருவர், சபையில் பேசி அசத்தும் முன்கோபி ஒருவர். இருவரும் ஒரே எண்ணில் வந்து நிற்க முடியும். அந்த எண் இருவரைப் பற்றியும் எதையும் சொல்லாது.

வேலைக்கு ஆள் எடுக்க இந்த வினாத்தாளை மட்டும் நம்புவது அதைவிட மோசம். “நெருக்கடியில் பதறமாட்டேன்” என்ற வரிக்கு எந்த எண்ணைப் போட வேண்டும் என்பது வேலை தேடுபவருக்குத் தெரியாதா என்ன?

பெட்ரைட்ஸின் வினாத்தாளுக்கு 30 வாக்கியங்கள் கொண்ட சுருக்க வடிவமும் உண்டு. அது முதன்மையாக மொத்த மதிப்பெண்ணுக்கானது. அதை நிரப்பச் சொல்லிவிட்டு 15 கூறுகளுக்கும் தனித்தனி வரைபடத்தோடு அறிக்கை நீட்டினால், அந்த எண்கள் எங்கிருந்து வந்தன என்று கேளுங்கள்.