சுற்றுப்பயணம் தொடங்குமுன் செட்லிஸ்ட்டைக் கணிப்பது எப்படி?

பாப் பாடகர் ஒருவரின் சுற்றுப்பயணம் அறிவிக்கப்பட்டதும், ரசிகர்கள் தங்களுக்குப் பிடித்த பாடல்களை வரிசையாக எழுதி, அதற்குச் செட்லிஸ்ட் (மேடையில் பாடப்படும் பாடல்களின் வரிசை) கணிப்பு என்று பெயர் வைத்துவிடுகிறார்கள். உண்மையில் அது விருப்பப் பட்டியல் மட்டுமே. மேடையில் எது ஒலிக்கும் என்பதை நிகழ்ச்சியின் நீளம், புதிய ஆல்பத்தின் தேவை, உடை மாற்றத்துக்கு வேண்டிய இடைவெளி, உடன் பயணம் செய்யும் கலைஞர்கள் எனப் பல காரணங்கள் சேர்ந்து தீர்மானிக்கின்றன. ஆகவே முதலில் காலியிடங்களை வரைந்துகொண்டு, பிறகு ஒவ்வோர் இடத்துக்கும் ஏற்ற பாடலைத் தேட வேண்டும்.

பழகுவதற்கு ஏற்கெனவே முடிந்த ஒரு பயணத்தை எடுத்துக்கொள்வது நல்லது. ஏனெனில் விடை கையில் இருக்கும். இங்கே அமெரிக்கப் பாடகி டெய்லர் ஸ்விஃப்ட்டின் 'தி ஈராஸ் டூர்' (காலகட்டங்களின் பயணம்) நமக்குப் பாடமாகிறது. அது 2023 மார்ச் 17 அன்று அரிசோனா மாநிலத்தின் கிளெண்டேலில் தொடங்கி, 149 நிகழ்ச்சிகளுக்குப் பிறகு, 2024 டிசம்பர் 8 அன்று வான்கூவரில் முடிந்தது. நாம் 2023 மார்ச் முதல் வாரத்தில் அமர்ந்திருப்பதாக எண்ணிக்கொண்டு தொடங்குவோம்.

படி 1: எத்தனை பாடல்கள் என்று முடிவு செய்யுங்கள்

செட்லிஸ்ட்.எஃப்எம் என்ற தளத்தில் ரசிகர்களே பதிவேற்றிய பழைய நிகழ்ச்சிகளின் பாடல் வரிசைகள் கிடைக்கின்றன. ஒரு பயணத்தின் சராசரிச் செட்லிஸ்ட்டையும் அங்கே பார்க்கலாம். கடைசி இரண்டு அல்லது மூன்று பயணங்களின் பாடல் எண்ணிக்கையைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த எண்ணிக்கையை அப்படியே நகலெடுத்துவிடாமல், அறிவிப்பின் சொற்களையும் கூர்ந்து படியுங்கள். ஸ்விஃப்ட்டின் முந்தைய பயணம் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் நீண்டது. அதை மட்டும் நம்பியவர் இருபது பாடல்களுக்கு அருகில் நின்றிருப்பார். ஆனால் புதிய பயணத்தின் பெயரே அவருடைய இசை வாழ்வின் எல்லாக் காலகட்டங்களையும் தொடப்போவதாகச் சொன்னது; அப்போது அவர் கையில் பத்து ஸ்டூடியோ ஆல்பங்கள் இருந்தன. பத்து ஆல்பங்களுக்கும் நியாயம் செய்ய இருபது இடங்கள் போதாது என்பதை அப்போதே ஊகித்திருக்கலாம். முதல் இரவில் 44 பாடல்கள் ஒலித்தன. நிகழ்ச்சி மூன்று மணி நேரத்தைத் தாண்டியது.

நேரக் கணக்கில் மைதானத்தின் விதிகளும் அடங்கும். இந்தியாவில் திறந்தவெளியில் ஒலிபெருக்கிக்குப் பொதுவாக இரவு 10 மணி வரைதான் அனுமதி என்பதால், இங்கு வரும் பாடகர் மாலையிலேயே மேடையேறுவார்; தாமதம் ஏற்பட்டால் ஒன்றிரண்டு பாடல்கள் குறையவும் கூடும்.

படி 2: இடங்களை ஆல்பங்களுக்குப் பங்கிடுங்கள்

கணிப்பு பெரும்பாலும் இந்தப் படியில்தான் வெல்கிறது அல்லது தோற்கிறது. தொடங்குபவர்கள் எல்லா ஆல்பத்துக்கும் சமமாகப் பங்கு போடுகிறார்கள். பாடகர்கள் அப்படிச் செய்வதில்லை. எந்த ஆல்பம் இதுவரை மேடைக்கு வரவே இல்லை என்று கேளுங்கள். 2018இல் 'ரெபுடேஷன்' பயணம் முடிந்த பிறகு ஸ்விஃப்ட் நான்கு புதிய ஆல்பங்களை வெளியிட்டிருந்தார்: 2019இல் 'லவர்', 2020இல் 'ஃபோக்லோர்', 'எவர்மோர்', 2022 அக்டோபரில் 'மிட்நைட்ஸ்'. 'லவர்' ஆல்பத்துக்காகத் திட்டமிட்ட 2020ஆம் ஆண்டு நிகழ்ச்சிகளைக் கொரோனா விழுங்கிவிட்டது. ஆகவே நான்கும் எந்தச் சுற்றுப்பயணத்திலும் பாடப்படாமலே காத்திருந்தன.

முதல் இரவின் கணக்கைப் பாருங்கள்: 'லவர்' 6, 'ஃபோக்லோர்' 7, 'எவர்மோர்' 5, 'மிட்நைட்ஸ்' 7; ஆக மொத்தம் 44இல் 25 இடங்கள் இந்த நான்குக்கே போயின. மறுபக்கம், 'ஸ்பீக் நவ்' ஆல்பத்துக்கு ஒரே ஒரு பாடல். அறிமுக ஆல்பத்துக்கு நிலையான இடமே இல்லை. பழைய ஆல்பங்களின் ரசிகர்கள் இதைக் கேட்டு வருந்தலாம், ஆனால் கணிப்பாளர் வருந்தக் கூடாது.

ஒரு பாடல் எத்தனை நிமிடம் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். 'ஆல் டூ வெல்' பாடலின் பத்து நிமிட வடிவத்தைப் பட்டியலில் சேர்த்தால், வேறு இரண்டு பாடல்களுக்கான நேரத்தைச் செலவழித்துவிட்டீர்கள் என்று பொருள். ஸ்விஃப்ட் அந்த விலையைக் கொடுத்தே அதைப் பாடினார்.

படி 3: தொடக்கத்தையும் முடிவையும் நிரப்புங்கள்

இங்கே பழைய வழக்கம் உதவும், ஏமாற்றவும் செய்யும். 'ரெட்', '1989', 'ரெபுடேஷன்' ஆகிய மூன்று பயணங்களிலும் அந்தந்த ஆல்பத்தின் முதல் பாடலே நிகழ்ச்சியைத் தொடங்கியது. அதே விதியைப் பின்பற்றினால் 'மிட்நைட்ஸ்' ஆல்பத்தின் முதல் பாடலான 'லாவெண்டர் ஹேஸ்' தொடக்கமாகியிருக்க வேண்டும். நிகழ்ச்சியோ 'லவர்' பகுதியுடன், 'மிஸ் அமெரிக்கானா அண்ட் தி ஹார்ட்பிரேக் பிரின்ஸ்' பாடலில் தொடங்கியது. விதி முற்றிலும் பொய்த்துவிடவில்லை. 'லாவெண்டர் ஹேஸ்' கடைசிப் பகுதியான 'மிட்நைட்ஸ்' பகுதியைத் தொடங்கிவைத்தது. ஒரு புதிய ஆல்பத்தை முன்னிறுத்தும் பயணத்தின் வழக்கத்தை, முழு இசை வாழ்வையும் திரும்பிப் பார்க்கும் பயணத்தின் மீது அப்படியே போர்த்தக் கூடாது என்பதே இதிலிருந்து தெரிவது.

முடிவுப் பாடலுக்கும் இதுவே பொருந்தும். '1989' பயணம் அந்த ஆல்பத்தின் முதல் சிங்கிளான (தனியாக வெளியிடப்படும் பாடல்) 'ஷேக் இட் ஆஃப்' பாடலோடு முடிந்தது. ஈராஸ் பயணம் 'ஆன்டி-ஹீரோ' என்ற பெரு வெற்றி கையில் இருந்தும் 'கார்மா'வோடு முடிந்தது. கூட்டம் கலையும்போது முணுமுணுத்துக்கொண்டே போகக்கூடிய துள்ளல் பாடல் எது என்று கேட்டிருந்தால், சிங்கிள் பட்டியலைவிட நல்ல விடை கிடைத்திருக்கும்.

படி 4: மாறும் இடங்களைத் தனியே ஒதுக்குங்கள்

ஈராஸ் பயணத்தில் ஒவ்வோர் இரவும் இரண்டு சர்ப்ரைஸ் பாடல்களுக்கு இடம் இருந்தது. ஒன்று கிட்டாரில், மற்றது பியானோவில். முதல் இரவில் அவை 'மிரர்பால்', 'டிம் மெக்ரா'. இத்தகைய இடத்துக்குப் பாடல் பெயர் எழுதுவது பெரும்பாலும் வீண். "இங்கே இரண்டு மாறும் பாடல்கள்" என்று எழுதினாலே போதும்.

நிலையான பகுதியும் எப்போதும் அப்படியே இருந்துவிடாது. அதே மார்ச் மாதம் முடிவதற்குள் 'இன்விசிபிள் ஸ்ட்ரிங்' விலகி 'தி ஒன்' வந்தது. மறுபதிவு செய்த 'ஸ்பீக் நவ்' 2023 ஜூலை 7 அன்று வெளியானபோது, அன்றைய கன்சாஸ் சிட்டி நிகழ்ச்சியிலேயே 'லாங் லிவ்' சேர்ந்துகொண்டது. பிறகு 2024 மே 9 அன்று பாரிஸில், அதற்குப் பின் வந்த புதிய ஆல்பத்தின் ஏழு பாடல்களுக்கு இடம் தர, 'ஃபோக்லோர்', 'எவர்மோர்' பகுதிகள் ஒன்றாக இணைக்கப்பட்டன. வேறு சில பாடல்கள் உதிர்ந்தன. எனவே உங்கள் டிக்கெட் தேதிக்கு முன்னால் என்னென்ன வெளியீடுகள் வரப்போகின்றன என்பதை நாட்காட்டியில் குறித்துவையுங்கள். முன்னதாகப் பாடவிருக்கும் கலைஞர்களின் பெயர்களையும் பாருங்கள். பாடகருடன் சேர்ந்து அவர்கள் பதிவு செய்த பாடல் இருந்தால், ஃபீபி பிரிட்ஜர்ஸ் பங்கேற்ற இரவுகளில் 'நத்திங் நியூ' ஒலித்ததைப் போல, அந்த இரவுகளில் மட்டும் அது சேரலாம்.

உள்ளூர் விருந்தினருக்கும் ஓர் இடம் விடுங்கள். பிரிட்டிஷ் பாடகர் எட் ஷீரன் 2024 மார்ச்சில் மும்பையில் பஞ்சாபிப் பாடகர் தில்ஜித் தோசாஞ்சுடன் பஞ்சாபியில் பாடினார். அந்த வழக்கத்தைக் கவனித்தவர்களுக்கு, 2025 பிப்ரவரி 5 அன்று சென்னை நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில் ஷீரனின் நிகழ்ச்சியில் ஏ.ஆர். ரஹ்மான் மேடையேறி, 'ஷேப் ஆஃப் யூ' பாடலுடன் 'ஊர்வசி' கலந்து ஒலித்தபோது மகிழ்ச்சிதான் மிகுந்திருக்கும், அதிர்ச்சி அல்ல.

படி 5: உறுதியின் அளவை எழுதி, பட்டியலைப் பூட்டுங்கள்

ஒவ்வொரு பாடலுக்கும் பக்கத்தில் 'உறுதி', 'வாய்ப்புண்டு', 'துணிச்சல்' என்ற மூன்றில் ஒன்றை எழுதுங்கள். நிகழ்ச்சி முடிந்தபின், உறுதி என்றவற்றில் குறைந்தது பத்துக்கு ஒன்பது ஒலித்திருக்க வேண்டும். அதற்குக் குறைந்தால் நீங்கள் மிகையாக நம்பியிருக்கிறீர்கள். துணிச்சல் என்றவை எல்லாமே பலித்திருந்தால், போதிய துணிச்சல் காட்டவில்லை. வரிசையைத் தனியாக மதிப்பிடுங்கள்; சரியான பாடலைத் தவறான இடத்தில் வைத்ததற்கும் பாடலையே தவறவிட்டதற்கும் ஒரே தண்டனை கொடுக்கக் கூடாது.

முதல் நிகழ்ச்சிக்கு முந்தைய இரவே பட்டியலைத் தேதியிட்டு ஒரு நண்பருக்கு அனுப்பிவிடுங்கள். ஒத்திகையின்போது மைதானத்துக்கு வெளியே கேட்ட பாடல்கள் பற்றிய செய்திகள் அதற்குள் கசிந்திருக்கக்கூடும். அவற்றைப் பயன்படுத்தினால், பட்டியலின் மேலேயே அதைக் குறிப்பிடுங்கள்.