டி ஆன்சாவிலிருந்து யூசிக்கு: கணக்கைப் பின்னாலிருந்து போடுங்கள்

கூபர்டினோவில் உள்ள டி ஆன்சா என்ற கம்யூனிட்டி காலேஜில் (முதல் இரண்டு ஆண்டுப் பாடங்களை நடத்தும் பொதுக் கல்லூரியில்) இரண்டு ஆண்டு படித்துவிட்டு மூன்றாம் ஆண்டில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்துக்கு, அதாவது யூசிக்கு, மாறுவது பே ஏரியாத் தமிழ்க் குடும்பங்களில் அடிக்கடி பேசப்படும் வழி. கலிபோர்னியாவாசிக்கு ஒரு குவார்ட்டர் யூனிட் (குவார்ட்டர் என்ற சுமார் மூன்று மாதப் பருவத்தில் பாடத்தை அளக்கும் அலகு) 31 டாலர். மாறுவதற்குத் தேவையான 90 யூனிட்டுக்கும் சேர்த்து 2,790 டாலர். சில்லறைக் கட்டணமும் புத்தகமும் தனி.

ஆனால் ‘இரண்டு ஆண்டு’ என்பதுதான் ஏமாற்றும் கணக்கு. யூசி விண்ணப்பம் இரண்டாம் ஆண்டு நவம்பர் முடிவுக்குள் போய்விட வேண்டும். அப்போது கையில் இருப்பது முதல் ஆண்டு கிரேடும், எடுத்திருந்தால் சம்மர் கிரேடும்தான். ஆகவே திட்டம் முதல் குவார்ட்டருக்கு முன்பே முடிந்திருக்க வேண்டும்.

தொடங்க வேண்டிய இடம் அசிஸ்ட் (assist.org) என்ற இணையதளம். டி ஆன்சா, போக விரும்பும் யூசி வளாகம், துறை மூன்றையும் கொடுத்தால் அங்குள்ள எந்தப் பாடத்துக்கு இங்குள்ள எந்தப் பாடம் ஈடு என்று பட்டியல் வரும். ஒரே துறைக்கு மூன்று வளாகங்களின் பட்டியலை எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மூன்றிலும் இருப்பவை முதல் ஆண்டுக்கு. ஒன்றில் மட்டும் இருப்பவற்றைக் கடைசிக்குத் தள்ளலாம்.

பொறியியல், கம்ப்யூட்டர் சயின்ஸ் என்றால் கணித வரிசைதான் கால அளவைத் தீர்மானிக்கும். மேத் 1ஏ, 1பி, 1சி, 1டி என்ற கால்குலஸ் பாடங்களில் ஒன்று முடிந்தால்தான் அடுத்தது. செப்டம்பரில் 1ஏ எடுப்பவர் அடுத்த சம்மருக்குள் 1டி முடிக்கலாம். கால்குலஸுக்கு முந்தைய பாடமான ப்ரீகால்குலஸில் தொடங்குபவருக்கு இரண்டு குவார்ட்டர் அதிலேயே போகும். பிறகு ஒரு பாடத்தில் சறுக்கினாலும் மூன்றாம் ஆண்டு தேவைப்படும். பிசிக்ஸ் 4ஏவும் கால்குலஸை நம்பியே நிற்கிறது. இந்தத் துறைகளுக்குப் போகிறவர்கள் பொதுக்கல்வித் தொகுப்பான கால்-கெட்சியை முழுதாக முடிக்க மெனக்கெடாமல் துறைப் பாடங்களை முடிப்பதே நல்லது. ஆங்கிலக் கட்டுரைப் பாடம் இரண்டும் கணிதம் ஒன்றும் உள்ளிட்ட ஏழு பாடத் தேவை மட்டும் எல்லோருக்கும் உண்டு. ஒவ்வொன்றிலும் சி கிரேடாவது வேண்டும்.

பலர் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று. டி ஆன்சாவில் குவார்ட்டர் முறை. ஃப்ரீமான்ட்டின் ஓலோனி கல்லூரியிலும் சான்டா கிளாராவின் மிஷன் கல்லூரியிலும் செமஸ்டர் முறை. இங்கே மூன்று குவார்ட்டரில் நடத்துவதை அங்கே இரண்டு செமஸ்டரில் முடித்துவிடுவார்கள். 1ஏவை இங்கே எடுத்துவிட்டு ‘சீட் கிடைக்கவில்லை’ என்று அங்கே போய்த் தொடர்ந்தால், நடுவில் சில அத்தியாயங்கள் விடுபடும். வரிசையை முழுதாக ஏற்க யூசி மறுக்கவும் கூடும். எந்த வரிசையையும் தொடங்கிய கல்லூரியிலேயே முடியுங்கள். வெளியே எடுப்பதானால் வரிசையில் இல்லாத தனிப் பாடமாக இருக்கட்டும்.

யூசியின் டேவிஸ், இர்வைன், மெர்செட், ரிவர்சைடு, சான்டா பார்பரா, சான்டா குரூஸ் ஆகிய ஆறு வளாகங்கள் ‘டேக்’ என்ற இட உறுதி தருகின்றன. பெர்க்லி, லாஸ் ஏஞ்சலஸ், சான் டியேகோவில் இது கிடையாது. டேக்கை ஒரே ஒரு வளாகத்துக்குத்தான் போடலாம். காலம் செப்டம்பர் 1 முதல் 30 வரை. போடும்போதே 45 குவார்ட்டர் யூனிட் முடிந்திருக்க வேண்டும். குவார்ட்டருக்கு 12 யூனிட் எடுத்தால் முழுநேர மாணவர்தான், ஆனால் மூன்று குவார்ட்டரில் 36தான் சேரும். மீதி 9 யூனிட்டுக்கு சம்மரில் உட்கார வேண்டும், அல்லது தொடக்கம் முதலே 15 எடுக்க வேண்டும். தேவையான ஜிபிஏ வளாகத்துக்கு வளாகம், துறைக்குத் துறை மாறும். போட்டி கடுமையான சில துறைகளுக்கு டேக்கே இல்லை. அந்த ஆண்டு அட்டவணையைப் பார்க்காமல் நம்பி இருக்காதீர்கள்.

கட்டணத்துக்கு ரெசிடென்சி, அதாவது கலிபோர்னியாவாசி என்ற தகுதி, முக்கியம். டெர்ம் தொடங்கும் முன் ஓராண்டும் ஒரு நாளும் கலிபோர்னியாவில் வசித்ததற்குச் சான்று வேண்டும். எச்-4 விசாவில் (எச்-1பி ஊழியரின் குடும்பத்தாருக்கான விசா) இருப்பவர் இதைக் காட்டி ரெசிடென்ட் ஆகலாம். எஃப்-1 என்ற மாணவர் விசாவில் முடியாது. 21 வயதில் எச்-4 முடிந்து எஃப்-1க்கு மாறும் பிள்ளைக்குக் கட்டணம் பல மடங்கு ஏறக்கூடும் என்பதால், பிறந்த தேதியையும் திட்டத்தில் எழுதிக்கொள்ளுங்கள். விண்ணப்பத்தில் ஒரு கேள்விக்குத் தவறாகப் பதில் சொன்னாலும் வெளிமாநிலக் கட்டணம் விழும். அட்மிஷன்ஸ் அலுவலகத்தில் ஆவணம் கொடுத்து மாற்றலாம், ஆனால் நாளாகும்.

வகுப்பு நிரம்பியிருந்தால் வெயிட்லிஸ்ட்டில் பெயர் போட்டுவிட்டு முதல் நாளே வகுப்புக்குப் போய்விடுங்கள். வராதவர்களை ஆசிரியர் நீக்கி அடுத்தவரைச் சேர்ப்பார்.

யூசி விண்ணப்பத்தில் முன்பு படித்த எல்லாக் கல்லூரிகளையும் காட்ட வேண்டும், இந்தியாவில் பாதியில் விட்ட பட்டப்படிப்பு உட்பட. மறைத்தது பின்னால் தெரிந்தால் கிடைத்த இடமும் போகும். நான்கு கட்டுரைகள், ஒவ்வொன்றும் 350 சொல்லுக்குள். அனுப்பிய பிறகு ஜனவரியில் புது கிரேடுகளைப் பதிய இன்னொரு படிவம் உண்டு. பலர் இதைக் கவனிப்பதில்லை. ஸ்பிரிங்கில் எடுப்பதாகச் சொன்ன பாடத்தை விட நேர்ந்தால் விடுவதற்கு முன்பே வளாகத்துக்கு எழுதிக் கேளுங்கள். வரும் அனுமதி நிபந்தனையோடுதான் வருகிறது.