வேஷம் கட்டியும் கூச்சம் போகலையா? ஆர்பி ஆடுகிறவர்கள் செய்யும் தவறுகள்

தசரா நெருங்கினால் குலசை (குலசேகரன்பட்டினம்) முத்தாரம்மனுக்கு மாலை போட்டவர்கள் எங்கள் தெருவுக்கும் வருவார்கள். காளி, குரங்கு, குறவன், போலீஸ் என்று ஆளுக்கொரு வேஷம். ஒரு வருஷம் போலீஸ் வேஷத்தில் வந்தவர், மற்ற நாளில் ரேஷன் கடை வரிசையில் 'கடைசி ஆள் யாரு' என்று கேட்கக்கூடத் தயங்குகிற மனுஷன். அன்றைக்கு லத்தியால் என் பைக்கைத் தட்டி, "லைசென்ஸ எங்கலே?" என்று அதட்டி இருபது ரூபாய் காணிக்கை வாங்கிக்கொண்டு போனார்.

ஆர்பி, அதாவது ஆன்லைன் கேமுக்குள் ஒரு வேஷம் எடுத்து மற்றவர்களோடு பேசி நடிக்கிற ரோல்பிளே, ஆட ஆரம்பித்தபோது எனக்கு அவர்தான் ஞாபகத்துக்கு வந்தார். 2013-ல் வந்த ஜிடிஏ ஃபைவ் விளையாட்டின் மேல் ஃபைவ்எம் என்ற கூடுதல் மென்பொருளைப் போட்டு நடத்துகிற சர்வர்கள் தமிழிலும் உண்டு. ஒருவர் போலீஸ், ஒருவர் டாக்சி டிரைவர், ஒருவர் திருடன். பக்கத்தில் போனால் குரல் கேட்கும், விலகினால் தேயும். வேஷம் கட்டினால் கூச்சம் தானாகப் போய்விடும் என்று நம்பி உள்ளே போனேன். முதல் நாள் மைக் பட்டனில் விரலை வைத்தபடி ஒரு பெட்ரோல் பங்க்குக்குப் பின்னால் கால் மணி நேரம் நின்றேன். ஒருத்தன் வந்து, "அண்ணா, புதுசா?" என்றான். கேமையே மூடிவிட்டேன்.

எங்கே தப்பு செய்தேன் என்று புரிய நாளாயிற்று. நான் எடுத்த வேஷம் ஒரு பெரிய தாதா. மூன்று பக்கத்துக்கு அவனுக்குப் பூர்வகதை எழுதி வைத்திருந்தேன். ஆனால் அந்தத் தாதாவுக்குச் செய்ய ஒரு வேலையும் இல்லை. குலசை வேஷக்காரருக்கு வேலை இருக்கிறது: வீடு வீடாகப் போய்க் காணிக்கை வாங்கிக் கோயிலில் சேர்க்க வேண்டும். அவர் கவனம் முழுக்க எதிரே நிற்கிற ஆள் மேலேயும் தட்டின் மேலேயும் இருக்கும். தன் குரல் எப்படி இருக்கிறது என்று யோசிக்க நேரமே கிடையாது. எனவே கூச்ச சுபாவம் உள்ளவர்கள் முதலில் வேலை உள்ள வேஷமாக எடுங்கள். மெக்கானிக், டாக்சி, டீக்கடை, ஆம்புலன்ஸ் எதுவானாலும் சரி. "எங்க போணும்?", "எங்க அடிபட்டுச்சு?" என்று பேச்சு தானாக வரும். நானும் தாதாவை விட்டுவிட்டு மெக்கானிக் ஆனேன்.

அடுத்தது, ஒளிந்துகொண்டே விளையாடுவது. பேசப் போவதை எழுதி வைத்து வாசிப்பது, குரல் மாற்றுகிற மென்பொருளைப் போட்டுக்கொள்வது, "மைக் ரிப்பேர்" என்று மாசக்கணக்கில் சொல்வது, கூட்டத்தில் ஓரமாக நின்று தலையாட்டுகிற எமோட்டை (பாத்திரம் செய்யும் சைகையை) மட்டும் போடுவது. 1995-ல் டேவிட் கிளார்க், ஏட்ரியன் வெல்ஸ் என்ற இரண்டு பிரிட்டிஷ் உளவியலாளர்கள், சமூக பயம் ஏன் போகாமல் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று ஒரு விளக்கம் எழுதினார்கள். பயந்தவர் தன்னையே உள்ளுக்குள் கண்காணித்துக்கொண்டிருக்கிறார். அதோடு, அவமானத்திலிருந்து தப்பிக்கச் சில தந்திரங்களைச் செய்கிறார். நினைத்த அவமானம் நடக்காதபோது, தந்திரத்தால்தான் தப்பித்தோம் என்று மனசு கணக்கு எழுதிவிடுகிறது. அதனால் பயம் பொய் என்று தெரியவே வருவதில்லை. நான் ஒருநாள் எழுதி வைக்காமல் பேசினேன். திக்கியது. எதிரே இருந்தவன் கவலையெல்லாம் அவன் வண்டி டயரைப் பற்றித்தான். சாட்டில் ஸ்லாஷ் மீ (/me) என்ற கட்டளை போட்டு, பாத்திரம் செய்வதை எழுத்தில் நடிப்பது தவறில்லை, அதுவும் ஒரு படிதான். ஆனால் இந்த வாரம் எழுத்து, அடுத்த வாரம் ஒருவரோடு இரண்டு வாக்கியம், அப்புறம் மூன்று பேர் நிற்கிற இடம் என்று ஏறிக்கொண்டே இருக்க வேண்டும். ராத்திரி பத்து மணிக்கு சர்வர் நிறைந்து வழியும்போது முதல் தடவை நுழைவதைவிட, ஆள் குறைவான மத்தியானத்தில் நுழையலாம்.

நம்ம ஊர்ப் பிள்ளைகளுக்கென்றே ஒரு தவறு இருக்கிறது: தமிழை மாற்றிப் பேசுவது. சர்வரில் பாதிப் பேர் சென்னைத் தமிழ் பேசுவார்கள். நாம் "அங்கன நிக்கான்" என்று சொன்னதும் ஒருத்தன் சிரிப்பான். உடனே அவமானப்பட்டு, நாமும் 'மச்சி', 'இன்னா' என்று இழுக்க ஆரம்பிப்போம். வேஷத்துக்கு மேல் இன்னொரு வேஷம். ஒவ்வொரு வாக்கியத்தையும் வாய்க்குள் மொழிபெயர்த்தே களைத்துப் போவோம். நான் இரண்டு வாரம் அப்படி இருந்துவிட்டு, ஒருநாள் கோபத்தில், "என்னலே, வண்டிய இப்படிச் சப்பளிச்சுக் கொண்டாந்திருக்க?" என்று வாய்தவறிச் சொல்லிவிட்டேன். மறுநாள் கேமுக்குள் இருக்கிற ரேடியோவில், "அந்தத் திருநெல்வேலி அண்ணாச்சி ஒர்க்ஷாப் எங்க?" என்று யாரோ கேட்டுக்கொண்டிருந்தான். சிரிப்பவர்களில் பலருக்கு அந்தப் பேச்சு பிடித்துத்தான் சிரிப்பு வருகிறது. நக்கலுக்கென்றே சிரிப்பவன் ஒன்றிரண்டு பேர், அவ்வளவுதான்.

வேஷத்திடம் சொன்னதைத் தனக்குச் சொன்னதாக எடுத்துக்கொள்வதும் உண்டு. போலீஸ் வேஷக்காரர் திட்டினால் அது உங்கள் மெக்கானிக்குக்கு. வேஷத்தை விட்டு வெளியே வந்து உங்கள் ஊர், சாதி, குரல் என்று பேசுகிறவன் வேறு ரகம். அதைப் பொறுத்துப் போனால் கூச்சம் தெளியும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பதிவு செய்து அட்மினிடம் கொடுங்கள். அட்மின் கண்டுகொள்ளாவிட்டால் சர்வரை மாற்றுங்கள்.

ராத்திரி படுத்துக்கொண்டு அன்றைக்குப் பேசியதைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்க்காதீர்கள். டிஸ்கார்டில் போய், "அண்ணா, நான் தப்பாப் பேசிட்டேனா?" என்று கேட்காதீர்கள். சவத்த விடுங்க.

இதெல்லாம் விளையாட்டுக்குள் நடக்கிற கூச்சத்துக்கு. கல்லூரிக்குப் போக முடியவில்லை, போன் எடுக்கக்கூட நெஞ்சு படபடக்கிறது, பேசக் கிடைத்த ஒரே இடம் கேம்தான் என்றால் மெக்கானிக் வேஷம் போதாது. எங்கள் ஊரில் பாளையங்கோட்டை ஐகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கிறது. நேரில் போகத் தயக்கமென்றால் 14416, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம்.

கடைசியாக, வீடு. ஆர்பி பற்றிப் பேசுகிற யாரும் இதைச் சொல்வதில்லை. தனி அறையும் கதவும் உள்ளவர்களுக்கு இது புரியாது. எங்கள் வீட்டில் கம்ப்யூட்டர் பட்டாசாலையில், அம்மா முறுக்குப் பிழிகிற இடத்துக்கு நாலடி தள்ளி. சர்வரில் முப்பது பேர் கேட்பதைவிட அம்மா ஒருத்தி கேட்பதுதான் எனக்குப் பெரிய பயம். அதனால் குசுகுசுவென்று பேசுவேன். எதிரே இருப்பவன், "என்ன அண்ணே, கேக்கல" என்பான். அதைக் கேட்டு இன்னும் கூசும். இதற்கு மறைப்பது வழியில்லை. இது ஒரு நாடகம், நான் மெக்கானிக், அவன் வண்டி கொண்டுவருவான் என்று வீட்டில் ஒருதரம் சொல்லிவிட வேண்டும். நான் சொன்னபோது அம்மா, "கூலி எவ்வளவு தருவான்?" என்று கேட்டாள். கேமில் மட்டும்தான் காசு என்றதும் ஒரு பார்வை பார்த்தாள். ஒரு மாசம் கழித்து, சாப்பிட எழுந்து வந்தவனிடம், "அந்தப் பையன் வண்டிய முடிச்சுக் குடுத்துட்டியா, இல்ல அப்படியே விட்டுட்டு வந்துட்டியா?" என்று கேட்டபடி தட்டை நகர்த்தி வைத்தாள்.