அமெரிக்காவின் கால்பந்து அணியின் ஓர் ஆட்ட முடிவை எடைபோடுவது எப்படி

அமெரிக்க ஆண்கள் அணி தோற்ற மறுநாள் அதன் ரசிகர்கள் பேசுவதைக் கேட்டால் இரண்டே கட்சிதான். பயிற்சியாளரை உடனே மாற்று என்பது ஒன்று. நட்பு ஆட்டம்தானே, இதில் என்ன இருக்கிறது என்பது இன்னொன்று. இரண்டுமே ஸ்கோரை மட்டும் பார்த்து எழும் பேச்சு. ஸ்கோரைக் கடைசியில் பாருங்கள். அதற்கு முன் என்ன ஆட்டம், யார் ஆடினார்கள், எங்கே நடந்தது, புள்ளிப் பட்டியலில் அன்று என்ன தேவைப்பட்டது என்ற நான்கையும் பார்த்துவிட வேண்டும். ஒரு நோட்டில் ஆட்டத்துக்கு ஒரு வரி என்று எழுதி வந்தாலே போதும். பத்துப் பன்னிரண்டு ஆட்டம் சேர்ந்ததும் அணியின் உண்மையான நிலைமை அதில் தெரிய ஆரம்பிக்கும்.

என்ன ஆட்டம்?

ஃபிஃபாவே எல்லா ஆட்டங்களையும் ஒரே தராசில் நிறுப்பதில்லை. 2018 ஆகஸ்டிலிருந்து நடைமுறையில் இருக்கும் தரவரிசைக் கணக்கில் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் ஒரு பெருக்கெண் உண்டு. சர்வதேச ஆட்டங்களுக்கென்று ஒதுக்கிய நாட்களுக்கு வெளியே நடக்கும் நட்பு ஆட்டம் 5, அந்த நாட்களுக்குள் நடந்தால் 10. நேஷன்ஸ் லீக் என்ற கண்ட அளவிலான லீகின் குழு ஆட்டம் 15. நேஷன்ஸ் லீகின் இறுதிக் கட்டமும் உலகக் கோப்பைத் தகுதிச்சுற்றும் 25. கோல்டு கப், கோப்பா அமெரிக்கா போன்ற கண்டப் போட்டிகள் காலிறுதிக்கு முன் 35, காலிறுதியிலிருந்து 40. உலகக் கோப்பை 50, அதன் காலிறுதியிலிருந்து 60.

இதை ஒரு கணக்காகப் போட்டுப் பார்த்தால் வித்தியாசம் உறைக்கும். அமெரிக்கா எதிரணியைவிட 100 தரவரிசைப் புள்ளி மேலே இருப்பதாக வைத்துக்கொள்வோம். சூத்திரப்படி அமெரிக்காவின் எதிர்பார்ப்பு மதிப்பு 0.595. வெற்றிக்கு 1, டிராவுக்கு 0.5, தோல்விக்கு 0 என்று வைத்து, அதிலிருந்து 0.595ஐக் கழித்துப் பெருக்கெண்ணால் பெருக்க வேண்டும். வழக்கமான நட்பு ஆட்டத்தில் வென்றால் சுமார் 4 புள்ளி கூடும், தோற்றால் சுமார் 6 புள்ளி போகும். டிரா செய்தாலும் கிட்டத்தட்ட ஒரு புள்ளி நஷ்டம். இதே எதிரணியை உலகக் கோப்பைக் குழுச் சுற்றில் வென்றால் 20 புள்ளிக்கு மேல் கிடைக்கும். ஆகவே "நட்பு ஆட்டத்தில் தோற்றதால் தரவரிசையே போச்சு" என்று யாராவது சொன்னால், எத்தனை புள்ளி போனது என்று கேளுங்கள்.

2026 உலகக் கோப்பையை மெக்சிகோ, கனடாவுடன் சேர்ந்து நடத்தும் நாடு என்பதால் அமெரிக்காவுக்கு அந்த முறை தகுதிச்சுற்றே கிடையாது. அந்தச் சுழற்சியில் அணி ஆடியவற்றில் ஏறக்குறைய பாதி நட்பு ஆட்டங்கள். அந்த வருடங்களின் வெற்றி தோல்வியை 2021-22 தகுதிச்சுற்று முடிவுகளோடு நேருக்கு நேர் ஒப்பிடக் கூடாது.

ஜனவரி முகாமைத் தனியாக எடுத்து வையுங்கள். அது ஃபிஃபா ஒதுக்கிய நாட்களுக்கு வெளியே நடப்பதால் ஐரோப்பிய கிளப்புகள் வீரர்களை விட வேண்டிய கட்டாயம் இல்லை. வருவோர் பெரும்பாலும் எம்.எல்.எஸ். என்ற உள்நாட்டு லீகின் வீரர்கள், அதுவும் சீசன் தொடங்காத நேரத்தில். அமெரிக்க ரசிகர்கள் இதற்கு "கேம்ப் கப்கேக்" என்றே பட்டப்பெயர் வைத்திருக்கிறார்கள். அங்கே ஒரு புதுமுகம் நன்றாக ஆடினால் பெயரைக் குறித்து வையுங்கள். அணியின் ஆட்டமுறையைப் பற்றி அதிலிருந்து எந்த முடிவுக்கும் வராதீர்கள்.

யார் ஆடினார்கள்?

கடைசியாக நடந்த முக்கியமான ஆட்டத்தின் தொடக்கப் பதினொருவரை எடுத்துக்கொள்ளுங்கள். அவர்களில் எத்தனை பேர் இன்றைய பதினொருவரில் இருக்கிறார்கள் என்று எண்ணுங்கள். எட்டும் அதற்கு மேலும் என்றால் முதல் அணி. ஐந்து முதல் ஏழு என்றால் கலவை. நான்கும் அதற்குக் கீழும் என்றால் அது இரண்டாம் அணிதான், பனியனில் என்ன சின்னம் இருந்தாலும்.

இந்த எண்ணிக்கை ஏன் அவசியம் என்பதற்கு 2021 கோடையே போதும். ஜூன் 6 அன்று டென்வரில் நேஷன்ஸ் லீக் இறுதியில் மெக்சிகோவைக் கூடுதல் நேரத்தில் 3-2 என்று வென்றது முதல் அணி. ஆகஸ்ட் 1 அன்று லாஸ் வேகஸில் கோல்டு கப் இறுதியில் அதே மெக்சிகோவை, மைல்ஸ் ராபின்சன் 117ஆவது நிமிடத்தில் தலையால் முட்டிய கோலில் 1-0 என்று வென்றது கிட்டத்தட்ட முழுவதும் வேறு அணி. 2025 கோல்டு கப்பில் முன்னணி வீரர் புலிசிக் ஓய்வு கேட்டு விலகியிருந்தார். மெக்கெனியும் வியாவும் யுவென்டஸோடு கிளப் உலகக் கோப்பையில் இருந்தார்கள். அப்படியும் அணி இறுதிக்கு வந்து மெக்சிகோவிடம் 2-1 என்று தோற்றது. அந்தத் தோல்வியை வைத்து முதல் அணியைத் திட்டுவதில் நியாயமில்லை.

நட்பு ஆட்டங்களில் மாற்று வீரர்கள் அதிகம் இறங்குவார்கள். 60ஆவது நிமிட ஸ்கோரைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு நடப்பது பல நேரம் வேறோர் ஆட்டம்.

எங்கே நடந்தது?

ரசிகர்கள் அதிகம் தவறவிடுவது இதைத்தான். வட, மத்திய அமெரிக்க, கரீபிய நாடுகள் அடங்கிய கான்ககாஃப் பகுதியில் தகுதிச்சுற்றுக்குப் பழைய சூத்திரம் ஒன்று உண்டு: சொந்த மண்ணில் வெல், வெளியில் டிரா செய். பத்து ஆட்டச் சுற்றில் அப்படிச் செய்தால் 15-ம் 5-ம் சேர்ந்து 20 புள்ளி. அதனால் பட்டியலை இரண்டாகப் பிரித்து எழுதுங்கள், சொந்த மண் ஒரு பக்கம், வெளியூர் ஒரு பக்கம்.

2018 உலகக் கோப்பைக்கான கடைசித் தகுதிச்சுற்றை இப்படிப் பிரித்தால் ஒரு விஷயம் பளிச்சென்று தெரியும். வெளியில் ஐந்து ஆட்டம்: கோஸ்டா ரிகாவிடம் 0-4, பனாமா 1-1, மெக்சிகோ 1-1, ஹோண்டுராஸ் 1-1, டிரினிடாடிடம் 1-2. மொத்தம் 3 புள்ளி, சூத்திரத்துக்கு இரண்டு குறைவு. சொந்த மண்ணில் ஹோண்டுராஸை 6-0, டிரினிடாடை 2-0, பனாமாவை 4-0 என்று வென்றார்கள். ஆனால் மெக்சிகோவிடம் 1-2, கோஸ்டா ரிகாவிடம் 0-2 என்று தோற்றார்கள். 15க்கு 9. இங்கே ஓட்டை ஆறு புள்ளி.

2022 சுற்றையும் பிரித்துப் பாருங்கள். வெளியில் ஏழு ஆட்டத்தில் ஒரு வெற்றி, மூன்று டிரா, மூன்று தோல்வி, 6 புள்ளிதான். வெளியூர் ஆட்டத்தில் அந்த அணி பெரிதாக ஒன்றும் தேறிவிடவில்லை. சொந்த மண்ணில் ஆறு வெற்றி, ஒரு டிரா, 21க்கு 19 புள்ளி. கத்தாருக்கு அனுப்பியது அந்த 19தான்.

சொந்த மண் என்றாலும் எல்லா ஊரும் ஒன்றல்ல. லாஸ் ஏஞ்சலஸிலோ ஹூஸ்டனிலோ மெக்சிகோவோடு ஆடினால் அரங்கில் மெக்சிகோ ரசிகர்களின் பச்சை நிறமே மேலோங்கும். அதனால்தான் 2001 பிப்ரவரியில் ஓஹையோவின் கொலம்பஸைத் தேர்ந்தெடுத்தார்கள். சின்ன அரங்கம், கடும் குளிர், முடிவு 2-0. அதே ஊரில் 2005, 2009, 2013 தகுதிச்சுற்றுகளிலும் அதே 2-0. "டோஸ் அ செரோ" (ஸ்பானிய மொழியில் 2-0) என்று ரசிகர்கள் முழங்குவது இதைத்தான். 2016 நவம்பரில் அதே கொலம்பஸில் 1-2 என்று தோற்றதோடுதான் மேலே சொன்ன ஆறு புள்ளி ஓட்டை விழ ஆரம்பித்தது. மறுபுறம், மெக்சிகோவின் அஸ்தெக்கா அரங்கம் கடல் மட்டத்திலிருந்து 2,200 மீட்டருக்கு மேல். காற்றில் ஆக்சிஜன் குறைவு, இரண்டாம் பாதியில் கால் கனக்கும். அங்கே எடுத்த டிராவை வெற்றிக்குச் சற்றே கீழே வைக்கலாம்.

பட்டியலில் அன்று என்ன தேவைப்பட்டது?

கடைசி நாள் ஆட்டத்துக்கு முன் ஒரு தாளில் எல்லா வாய்ப்புகளையும் எழுதிவிடுங்கள். 2017 அக்டோபர் 10 காலையில் நிலவரம் இது: அமெரிக்கா 12 புள்ளி, கோல் வித்தியாசம் +5. பனாமாவும் ஹோண்டுராஸும் 10 புள்ளி. டிரினிடாடின் கூவா அரங்கில் அமெரிக்காவுக்கு டிரா போதும். தோற்றாலும் பனாமா, ஹோண்டுராஸ் இரண்டுமே வெல்லாவிட்டால் பிழைத்துக்கொள்ளலாம், ஒன்று மட்டும் வென்றால் நான்காம் இடமும் பிளே-ஆஃப் என்ற இன்னொரு வாய்ப்பும் உண்டு. வெளியேற மூன்று ஆட்டமும் ஒரே இரவில் எதிராகப் போக வேண்டும். போனது. அமெரிக்கா 1-2, பனாமா கோஸ்டா ரிகாவை 2-1, ஹோண்டுராஸ் மெக்சிகோவை 3-2. பனாமாவின் முதல் கோலில் பந்து கோட்டைத் தாண்டவே இல்லை என்பது இன்றும் ஆறாத புண். ஆனாலும் சொந்த மண்ணில் விட்ட ஆறு புள்ளியில் ஒன்று கையில் இருந்திருந்தால் அந்தக் கோலைப் பற்றி யாரும் பேச வேண்டியிருக்காது.

இதற்கு நேர்மாறு 2022 மார்ச் 30. கோஸ்டா ரிகாவில் 0-2 தோல்வி, ஆனால் கொண்டாட்டம். நேரடித் தகுதியை இழக்க ஆறு கோல் வித்தியாசத்தில் தோற்க வேண்டியிருந்தது. இரண்டு அணியும் 25 புள்ளி, கோல் வித்தியாசம் அமெரிக்காவுக்கு +11, கோஸ்டா ரிகாவுக்கு +5. அந்த 0-2ஐ "மோசமான தோல்வி" என்று நோட்டில் எழுதினால் நோட்டே தப்பு.

சமப் புள்ளி வந்தால் யார் மேலே என்பது போட்டிக்குப் போட்டி மாறும், ஒவ்வொரு முறையும் அந்தப் போட்டியின் விதியைத் திறந்து பாருங்கள். 2022 வரை உலகக் கோப்பையில் முதலில் மொத்தக் கோல் வித்தியாசம். 2026 விதியில் சமமான அணிகள் தங்களுக்குள் ஆடிய ஆட்டத்தின் முடிவே முதலில். பழைய பழக்கத்தில் கோல் வித்தியாசத்தைக் கூட்டிக்கொண்டிருந்தால் கணக்கு பிசகும். அந்த ஆட்டமும் டிரா என்றால்தான் மொத்தக் கோல் வித்தியாசம், பிறகு அடித்த கோல்கள், பிறகு அட்டைகள்: மஞ்சளுக்கு ஒன்று, இரண்டு மஞ்சளால் வந்த சிவப்புக்கு மூன்று, நேரடிச் சிவப்புக்கு நான்கு புள்ளி கழியும்.

2010 உலகக் கோப்பைக் குழுவைப் போட்டுப் பழகுங்கள். அமெரிக்காவும் இங்கிலாந்தும் 5 புள்ளி, இரண்டுக்கும் கோல் வித்தியாசம் +1, தங்களுக்குள் 1-1. அமெரிக்கா அடித்தது 4, இங்கிலாந்து 2. எந்த விதியில் போட்டாலும் அமெரிக்காவுக்கே முதலிடம். அல்ஜீரியாவுக்கு எதிராக 91ஆவது நிமிடத்தில் டானவன் அடித்த கோல் விழும்வரை அதே அமெரிக்கா 3 புள்ளியோடு மூன்றாம் இடத்தில், வெளியே போகும் நிலையில் இருந்தது.

48 அணி வடிவத்தில் 12 குழுக்களின் மூன்றாம் இட அணிகளில் எட்டு அடுத்த சுற்றுக்குப் போகும். 24 அணி யூரோவிலும் இதே விகிதம்தான். அங்கே 4 புள்ளியோடு மூன்றாம் இடம் வந்த அணிகள் தப்பித்தன. 3 புள்ளி என்றால் கோல் வித்தியாசத்தை நம்பிக் காத்திருக்க வேண்டும். 2016இல் மூன்று டிராவோடு போர்ச்சுகல் தப்பிக் கோப்பையையே வென்றது, அல்பேனியா 3 புள்ளியோடும் -2 வித்தியாசத்தோடும் வீடு திரும்பியது. எனவே முதல் ஆட்டத்தில் 0-2 என்று பின்தங்கினால் 0-4 ஆகாமல் காப்பதும் உருப்படியான வேலை. அப்போது தற்காத்து ஆடுவதைக் கோழைத்தனம் என்று சொல்லாதீர்கள்.

இனி ஸ்கோர்

சிவப்பு அட்டை எந்த நிமிடம் என்று முதலில் பாருங்கள். 2024 கோப்பா அமெரிக்காவில் பனாமாவிடம் 1-2 தோல்வி. அதில் வியா 18ஆவது நிமிடத்திலேயே வெளியேற்றப்பட்டார், மீதி முழுக்கப் பத்துப் பேர். அந்த ஆட்டத்தில் பந்து யாரிடம் அதிகம் இருந்தது என்ற புள்ளிவிவரத்துக்குப் பொருளே இல்லை. எக்ஸ்ஜி (வாய்ப்புகளின் தரத்தை வைத்து எதிர்பார்க்கும் கோல்) எண்ணைப் பார்ப்பவர்கள் பெனால்ட்டியைக் கழித்துவிட்டுப் பாருங்கள். ஒரு பெனால்ட்டியே முக்கால் கோலுக்கு மேல் கூட்டிவிடும், மற்ற நேரம் அணி உருவாக்கிய வாய்ப்புகள் அதில் மறைந்துபோகும்.

இரட்டைக் குடியுரிமை வீரர்கள்

"அவனை ஆட வைத்துவிட்டார்கள், இனி நம் ஆள்" என்ற பேச்சில் பாதி தவறாகவே இருக்கும். நட்பு ஆட்டம் யாரையும் கட்டிப்போடாது. நெதர்லாந்தில் பிறந்த வீரர் செர்ஜினோ டெஸ்ட் 2019 செப்டம்பரில் அமெரிக்காவுக்காக நட்பு ஆட்டங்களில் ஆடியபோதும் நெதர்லாந்துக்குப் போகும் வழி திறந்தே இருந்தது. நவம்பரில் கனடாவுக்கு எதிரான நேஷன்ஸ் லீக் ஆட்டத்தில் இறங்கியதும்தான் அது அடைபட்டது. நியூயார்க்கில் பிறந்து லண்டனில் வளர்ந்த பலோகன் இங்கிலாந்து 21 வயதுக்குட்பட்டோர் அணியில் ஆடியவர். சீனியர் அணிக்கு ஆடாததால் 2023இல் மாற முடிந்தது. 2020இல் வந்த விதித் தளர்வின்படி 21 வயதுக்கு முன் மூன்று சீனியர் ஆட்டத்துக்கு மேல் போகாமல், உலகக் கோப்பையிலோ கண்டப் போட்டியிலோ இறங்காமல், கடைசி ஆட்டத்திலிருந்து மூன்று ஆண்டு கடந்திருந்தால் மாறலாம். முதல் நாட்டுக்கு ஆடிய காலத்திலேயே இரண்டாம் நாட்டின் குடியுரிமையும் இருந்திருக்க வேண்டும்.

பெண்கள் அணிக்கு வேறு அளவுகோல் வேண்டும். 1991, 1999, 2015, 2019 என நான்கு உலகக் கோப்பை வென்ற அணி அது. அரையிறுதியே அவர்களுக்கு ஏமாற்றம். ஒலிம்பிக்கையும் கலக்காதீர்கள். பெண்களுக்கு அது முழு அணி ஆடும் போட்டி. ஆண்களுக்கு 23 வயதுக்குட்பட்டோரும் மூன்று மூத்தவர்களும் மட்டுமே.

நேரம்

சென்னையிலோ கொழும்பிலோ இருந்து பார்ப்பவர்களுக்கு: கோடை நேரத்தில் அமெரிக்கக் கிழக்குக் கரையில் இரவு 8 என்றால் இங்கே மறுநாள் காலை 5.30. மேற்குக் கரையில் மாலை 6 என்றால் மறுநாள் காலை 6.30. அங்கே வெள்ளிக்கிழமை மாலை என்று போட்டிருந்தால் இங்கே சனிக்கிழமை. மார்ச் இரண்டாம் ஞாயிறு தொடங்கும் கோடை நேரம் நவம்பர் முதல் ஞாயிறு முடிகிறது. அதனால் நவம்பர் ஆட்டங்களுக்கும் ஜனவரி முகாம் ஆட்டங்களுக்கும் அலாரத்தை ஒரு மணி நேரம் தள்ளி வையுங்கள்.